அம்மா சாந்தமாக வந்துபோன வீடு

ஐம்பதுகளின் நடுவில் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு நான் ஓசூர் வட்டார நிருபராக இருந்தேன். லாரி கவிழ்ந்தது, யானை இறங்கி ராகியைத் தின்றது, ஜூஜுவாடி எல்லையில் சாராயம் பிடிபட்டது என்று வாரத்துக்கு நாலைந்து செய்தி அனுப்புவேன். பாதி அச்சாகும். தங்கியிருந்தது அக்கா வீட்டில்.

மாமாவுக்குப் புளி வியாபாரம். கிருஷ்ணகிரி பக்கத்துத் தோப்புகளில் மரத்தோடு குத்தகை பேசுவார், குந்தாரப்பள்ளி சந்தையில் சில்லறையாகவும் வாங்குவார், சேர்ந்ததை வாரம் ஒரு லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குத் தானே கூடப் போவார். தோப்புக்காரரிடம் தெலுங்கு, பெங்களூர் மண்டியில் கன்னடம், சாமியிடம் தமிழ். அவர் அளவுக்குச் சாமி கும்பிட்ட வியாபாரியை அந்தத் தெருவில் நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடியாமல் வாயில் தண்ணீர் வைக்கமாட்டார். லாரி கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் எல்லோரும்தான். இவர் எலுமிச்சம்பழத்துக்கே முதலில் சூடம் காட்டுவார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மூன்றாவது முறையாக உண்டாகி நான்கு மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போனது. இரண்டாவது மாதம் நிறைந்து பிறந்தது, ஆனால் அழவில்லை. ஜாதகம் பார்த்தவர் நாகதோஷம் என்றார். மாமா தாமதிக்கவில்லை. பின்னிக்கொண்ட இரண்டு பாம்புகளைச் செதுக்கிய கல்லைத் தேன்கனிக்கோட்டை பக்கம் ஓர் ஆசாரியிடம் செய்து வாங்கி, ஏரிக்கரை அரசமரத்தடியில் ஏற்கெனவே இருந்த பத்துப் பன்னிரண்டு கற்களோடு வைத்தார். அக்கா கையில் மஞ்சள் காப்பு கட்டப்பட்டது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், காலையில் ஈரச்சேலையோடு கல்லைச் சுற்ற வேண்டும். காப்பு கையில் இருக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

“உங்களுக்குக் காப்பு இல்லையா மாமா?” என்று கேட்டேன்.

“நான் கட்டிகிட்டா புளியை யாரு ஓட்டுவா? நீயா? உனக்கு லாரி கவுந்தா எழுதத்தான் தெரியும்.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் காப்பு விஷயத்தை நான் தொழில்முறையில் கொஞ்ச நாளாகக் கவனித்துவந்தேன். எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் சாராயக் கடை, அதை ஒட்டி வேறு சில வீடுகள். ‘அந்தப் பக்கம் போயிட்டு வந்தான்’ என்றால் ஓசூரில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். மாரியம்மனுக்குக் காப்பு கட்டிய நாட்களில் லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் இறங்கமாட்டார்கள். வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் போவார்கள். காப்பு அவிழ்த்த மறுநாள் அந்த வீடுகளின் முன் லாரிகள் வரிசையாக நிற்கும். காப்பு நாட்களைத்தான் கட்டிப்போட்டது. ஆட்களை அல்ல. இதை ஒரு பெட்டிச் செய்தியாக எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போடவில்லை. அதே வாரம் எங்கள் தாளின் மூன்றாம் பக்கத்தில் ‘மேகம், வெட்டை, இரகசிய வியாதிகளுக்கு லாட்ஜில் நேரில் காணவும்’ என்று அரைப் பத்தி விளம்பரம் வந்திருந்தது.

பாகலூர் பக்கம் பெரியம்மை கண்டது அந்த மாதம்தான். அம்மை குத்துகிறவர் சுகாதார இலாகாவில் கடைநிலை ஊழியர். ஒரு சைக்கிள், ஒரு தகரப் பெட்டி, குத்தும் ஊசி. நாய்களும் கிழவிகளும் ஒரே மாதிரி துரத்துவார்கள் என்பார். செய்திக்காக இரண்டு நாள் அவரோடு சுற்றினேன். மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கே வந்தார். அக்காவைக் கையை நீட்டச் சொன்னவர், முன்னால் இரண்டு பிள்ளை போனதை அவள் சொன்னதும், கர்ப்பிணிக்கு இப்போது வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டு, மாமா எங்கே என்றார்.

“அவருக்கு வேணாங்க. மூணு வருசத்துக்கு முந்தியே அம்மா வந்துட்டுப் போயிட்டா” என்றாள் அக்கா. காபி டம்ளரை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்: “ரொம்ப சாந்தமா வந்துட்டுப் போனா. காய்ச்சல் இல்ல, அரிப்பு இல்ல. ஒரு கொப்புளம் ஒடையல.”

“எங்கெங்கே போட்டிருந்துச்சு?”

“மாரு, முதுகு. உள்ளங்கை, உள்ளங்கால்ல கூட. செம்புக் காசு ஒட்டி வெச்ச மாதிரி. வேப்பிலைல படுக்க வெச்சு மூணு தண்ணி ஊத்தினோம். தானா எறங்கிடுச்சு.”

“டாக்டரு?”

“அம்மா இருக்கற ஒடம்புல ஊசி குத்தலாமுங்களா?” அக்கா அவரைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்த்தாள். ஊசி குத்துவதே தொழிலாக உள்ளவரிடம் இதைச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் மாமா உள்ளே வந்தார். அம்மை குத்துகிறவர் எழுந்து வணக்கம் சொன்னார். முகத்தை ஒரு முறை பார்த்தார். சட்டைக் கைக்குக் கீழே தெரிந்த கையை ஒரு முறை பார்த்தார். காபியைக் குடித்து முடித்தார்.

வழியனுப்ப நான் கூட நடந்தேன். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினார்.

“சார், நீங்க பேப்பர்காரர். நான் சொன்னேன்னு எழுதக் கூடாது.”

“எழுதலை.”

“இருபது வருசமா அம்மை மூஞ்சி பாத்துகிட்டிருக்கேன். வந்து போன எடத்துல ஒரு பள்ளமாவது விட்டுட்டுப் போகும். உங்க மாமா மூஞ்சி பால்கோவா மாதிரி இருக்கு.”

“சின்னம்மையா இருக்கலாமே?”

“சின்னம்மை அரிக்கும் சார். அரிச்சே ஆளைக் கொன்னுடும். காய்ச்சல் இல்லாம, அரிப்பு இல்லாம, உள்ளங்கையில செம்பு நெறத்துல வந்து தானா போறது...” பெடலைக் காலால் பின்னுக்குச் சுழற்றினார். “தலைமுடி கொட்டுச்சான்னு உங்க அக்காவைக் கேளுங்க.”

“கொட்டியிருந்தா?”

“கொட்டியிருந்தா அது அம்மா இல்ல. அந்தப் பக்கத்துச் சரக்கு.” ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பினார். “ரெண்டு புள்ளை போச்சுன்னாங்களே, அதையும் சேத்து யோசிங்க. மிஷன் ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தா தெரிஞ்சுடும். வயித்துல இருக்கறப்பவே ஊசி போட்டா புள்ளை தப்பிக்கும்னு எங்க இலாகா டாக்டரு சொல்லுவாரு.”

நான் அன்றே அக்காவிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி அனுப்பாதே, இரண்டாவது ஆளைக் கண்டுபிடி என்பது எங்கள் அலுவலகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை என் அக்காவின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் பொருத்தினேன். பதினேழு நாட்கள் அதில் போயின.

முதலில் முடி. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஆமாண்டா, பூச்சி அரிச்ச கம்பளி மாதிரி அங்கங்க கொட்டுச்சு. அம்மாவே கேக்கறான்னு சொல்லி மாமா மொட்டை போட்டுகிட்டாரு. அப்புறம் நல்லா அடர்த்தியா வந்துச்சு பாரேன்.”

“வேற என்ன நேந்துகிட்டார்?”

“வெள்ளித் தகடு. முழு ஆளு.”

கோயில் வாசல் கடைகளில் நேர்த்திக்கடனுக்கு வெள்ளித் தகடு விற்பார்கள். கண்வலிக்குக் கண், கால்வலிக்குக் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில். சொல்லமுடியாத இடத்தில் நோய் உள்ளவர்கள் முழு ஆள் தகட்டை வாங்குவார்கள், எந்த இடம் என்று சாமிக்குத் தெரியும் என்ற கணக்கில். முழு ஆள் கேட்கிறவனிடம் கடைக்காரர் ஒன்றும் விசாரிக்கமாட்டார், காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். அம்மை இறங்கியதற்கு யாரும் முழு ஆள் போடுவதில்லை. உப்பும் மிளகும் போதும்.

ஆக, அம்மையில்லை என்று மாமாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அல்லது தெரியாமல் பயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து நேர்ந்திருக்கிறார். இரண்டில் எது என்று தகடு சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறதாம், அக்காவை ஒருமுறை காட்டிவிட்டு வரலாமே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

“காப்பு கட்டியிருக்கா. எல்லை தாண்டக் கூடாது” என்றார் மாமா.

“இங்கிருந்து டாக்டரை வரவழைக்கலாமா?”

“எந்த ஆஸ்பத்திரி? சிலுவை வெச்ச எடமா? அங்க நான் காலே வெச்சதில்ல, வெக்கவும் மாட்டேன். நெத்தியில விபூதி இருந்தா தொடச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க. அப்புறம் மெல்ல வேதத்துல சேத்துடுவாங்க.”

“பாக்கறதுக்கு மட்டும் போறோம் மாமா.”

“நீ பேசாம இருடா மாப்ளே. ரத்தம் எடுக்கற கட்டடமே பின்னால, மாட்டுக் கொட்டாயைத் தாண்டி இருக்கு. உக்கார ஒரு பெஞ்சு கெடையாது. வயித்துப் புள்ளைக்காரியை அவ்ளோ தூரம் நடக்க வெச்சு நிக்க வெப்பியா?”

ரசத்தை விட்டுக்கொண்டே சொன்னார். அக்கா அவருக்கு அப்பளம் எடுத்து வைத்தாள். ரத்தம் என்ற வார்த்தையை அந்தச் சாப்பாட்டில் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் குனிந்து சாப்பிட்டேன். அவர் கை இலைக்கு மேல் ஒரு நொடி நின்றது. பிறகு பிசையத் தொடங்கியது.

மறுநாள் பெங்களூர் பஸ் ஏறினேன். மாட்டுக் கொட்டகை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பால் கொடுக்க நாலு பசு. அதைத் தாண்டி ஓட்டுக் கட்டடம், வெராண்டாவில் ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல். இரண்டு பேர் நெற்றியில் பட்டை விபூதி. யாரும் அழித்துவிடவில்லை.

டாக்டர் ஒரு கன்னியாஸ்திரீ. அவர் தமிழில் பேசினால் மலையாளம் கேட்கும். மாமாவின் பெயரைச் சொல்லி, இவர் மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்தாரா என்று கேட்டேன்.

“அது நான் பறயக் கூடாது.”

“என் அக்காவின் புருஷன்.”

“ஆராயிருந்தாலும்.” பேனாவை மூடினார். “ஆனா ஒண்ணு சொல்லாம். ஒரு ஆணுக்கு இங்கே ஊசி போட்டா, போட்ட உடனே நாங்கள் சொல்றது ஒண்ணுதான். பாரியையைக் கூட்டிட்டு வா. கொஞ்சம் பேர் கூட்டிட்டு வரும். நெறைய பேர் வராது. அக்காவுக்கு எத்தனை மாசம்?”

“அஞ்சு முடிஞ்சுடுச்சு.”

“முன்னால?”

“ரெண்டு போயிடுச்சு.”

“பின்னே நீங்க எதுக்கு இங்கே நிக்கறீங்க?”

திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளியில் நின்றபோது அந்த வீடுகளைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் சுண்ணாம்பு அடித்த சாதாரண வீடுகள். ஒரு வாசலில் கோலம் போட்டிருந்தது. இன்னொன்றின் நிலைப்படியில் மாவிலை.

ஓசூரில் இறங்கி நேராக மாமாவின் புளி மண்டிக்குப் போனேன். மாமா புளிச் சிப்பங்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். தலைச்சுமைக்காரர்கள் போனதும் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லிட்டாங்களா?”

“சொல்லலை. நீங்கதான் சொன்னீங்க, நேத்து, ரசம் சாப்பிடறப்ப.”

கொஞ்ச நேரம் கோணிக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். “மொதல்ல அம்மான்னுதான்டா நெனச்சேன். சத்தியமா. லாரி டிரைவர்தான் கையைப் பாத்துட்டு, அண்ணே இது அம்மா இல்ல, எனக்கும் வந்துச்சுன்னு சொல்லி இட்டுகினு போனான். பத்து ஊசி. சரியாப் போயிடுச்சு.”

“அக்காவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களே?”

“சொன்னாங்க.”

“ஏன் கூட்டிட்டுப் போகலை?”

“எதுக்கு?” உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர்போல நிமிர்ந்தார். “அவ பத்தினிடா. தப்பு நான் பண்ணுனது. பத்தினி ஒடம்புல அது ஒட்டாது. அவளை அந்த எடத்துல, அந்த மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல நிறுத்தி ரத்தம் எடுத்தா, அது அவளை நான் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?”

“ரெண்டு புள்ளை போச்சு மாமா.”

“அது என் பாவத்துக்கு நாகரு எடுத்துகிட்டது. நோய்க்கு ஊசி போட்டாச்சு. பாவத்துக்குக் கல்லு வெச்சாச்சு. இனிமே என்னடா பாக்கி?”

பிறகு பல வருடங்கள் நீதிமன்றங்களில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பொய் சொல்கிறவர் எங்கே கண்ணைத் திருப்புவார், நம்பிப் பேசுகிறவர் எங்கே திணறுவார் என்று ஓரளவு தெரியும். மாமா சொன்னதை அவர் நம்பினாரா, நம்புவது வசதியாக இருந்ததால் நம்பினாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன். எல்லை தாண்டக் கூடாது என்ற காப்பு, எல்லைக்கு அப்பால் ஆஸ்பத்திரி இருப்பது தெரிந்த ஒருவரால் கட்டப்பட்டது. கட்டச் சொன்னது ஜாதகக்காரரா மாமாவா என்று ஜாதகக்காரரைப் போய்க் கேட்டேன். “கல்லு நான் சொன்னது. காப்பு அவரே கேட்டாரு, பக்தியான மனுசன்” என்றார்.

அக்காவிடம் சொல்வதற்கு வார்த்தை இல்லாமல் இருந்தது. எட்டு வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். எங்கள் தாளில் இதற்கு இருந்த சொற்கள் எல்லாம் அந்த விளம்பரத்தில் இருந்தவைதான். அவற்றை அவள் முன்னால் சொல்ல முடியாது. அவள் கல்லைச் சுற்றிவிட்டு வந்து ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, மாமாவுக்கு அன்னைக்கு வந்தது அம்மை இல்ல.”

பிழிவதை நிறுத்தவில்லை. “பின்ன?”

“லாரிக்காரங்களுக்கு வர்றது.”

சேலையைக் கொடியில் போட்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். கொடியின் அந்த முனைக்குப் போய் அங்கேயும் இழுத்துச் சரிசெய்தாள். அவள் அழுவாள் அல்லது என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

“அதனாலதான் போச்சா, ரெண்டும்?”

“இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ரத்தம் பாத்தாத்தான் தெரியும்.”

“இது?” வயிற்றைத் தொடவில்லை. கண்ணால்தான் காட்டினாள்.

“ஊசி போட்டா தப்பிக்கும்னு சொல்றாங்க. சீக்கிரம் போடணும்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

பதினேழு நாள் என்றேன். அப்போதுதான் அடித்தாள். ஈரக் கை. கன்னத்தில் அல்ல, தோளில், சின்ன வயதில் அடித்த அதே இடத்தில்.

“காப்பு கட்டியிருக்கேனேடா.” இதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. மாமாவைப் பற்றிக் கேட்டபோது உடையாத குரல். “இன்னும் ஒம்பது நாள் இருக்கு. தாண்டிட்டா இதையும் எடுத்துகிட்டா?”

சாமி அப்படியெல்லாம் செய்யாது என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. சாமியைப் பேட்டி கண்டதில்லை. ஒன்பது நாள் காத்திருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் துவட்டிக் கொண்டை போட்டாள். பிறகு என்னை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

அங்கே பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர், மெலிந்த மனிதர். மண்டலம் முடியும் முன் காப்பை அவிழ்க்கலாமா என்று அக்கா கேட்டாள்.

“அபச்சாரம் தாயீ. ஏன் அவுக்கணும்?”

“எல்லை தாண்டணும்.”

“எதுக்கு தாண்டணும்?”

“புள்ளைக்கு.”

பூசாரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “புள்ளைக்கா? காப்பே புள்ளைக்குத்தானே?” என்றார். கொஞ்சம் யோசித்தார். “நான் அவுக்கச் சொல்லமாட்டேன். சொன்னா உங்க வீட்டுக்காரரு என்னைத் திட்டுவாரு. ஆனா இங்க வந்து இத்தனை பேரு சுத்தறாங்க தாயீ, மழையில சிலதுக்கு நனைஞ்சு தானா அறுந்து விழுது. அறுந்தா தெய்வ குத்தம்னு நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

அக்கா மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. அறுத்தாளா, பல்லால் கடித்தாளா, தெரியாது. “போலாம்” என்றாள்.

பத்தரை மணி பஸ். மாமா அன்று சந்தைக்குப் போயிருந்தார். ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் சாராயச் சோதனைக்காக எல்லோரையும் இறக்கினார்கள். அக்கா இறங்கி, சாலையில் எல்லைக் கல் எது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். அதைப் பார்த்து நின்றாள். போலீஸ்காரர் அவள் கூடையைத் துழாவி, இரண்டு சேலையையும் எலுமிச்சை ஊறுகாயையும் கண்டுபிடித்து விட்டுவிட்டார். பஸ் கிளம்பியதும் கண்களை மூடிக்கொண்டாள். அத்திப்பள்ளி தாண்டும்வரை திறக்கவில்லை.

ரத்தம் பார்த்தார்கள். நோய் இருந்தது. முடிவை டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, என்னை வெளியே அனுப்பிவிட்டு அக்காவிடம்தான் சொன்னார். பத்து நாள் ஊசி, உள்ளேயே தங்க வேண்டும். வார்டில் கட்டிலுக்கு மேலே சிலுவை. அக்கா முதல் நாள் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மூன்றாம் நாள் பார்த்தபோது மல்லாந்து படுத்திருந்தாள். விபூதிப் பொட்டலம் தலையணைக்கடியில் இருந்தது. நர்சுகள் அதை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார்கள்.

நாலாம் நாள் மாமா வந்தார். தேங்காயெண்ணெய்ப் புட்டி, வாழைப்பழம், அவளுடைய போர்வை. சிலுவைக்குக் கீழே நின்றார். காப்பில்லாத கையைத்தான் முதலில் பார்த்தார்.

“என்னைக் கேட்டிருக்கலாமே.”

“நீங்க கேட்டீங்களா?” என்றாள் அக்கா. அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார். வெராண்டாவில் என்னிடம், “நீ பேப்பர்ல வேலை பாக்கறது உன் அக்காவுக்குப் போதாத காலம்டா” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இருந்தது. இருந்தும், அந்த வாக்கியத்தில் அவர் பயம் தெரிந்தது. இரண்டு பிள்ளைகள் தன் பாவத்தால் போயின என்று அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கணக்கு நாகருக்கும் அவருக்கும் நடுவே இருந்தது. இப்போது அது அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

பிரசவத்துக்கும் அக்கா அங்கேயே போனாள். பெண் குழந்தை. அழுதது, வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. குழந்தைக்கு ரத்தம் பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஓசூரில் எல்லோரும் கல் வைத்த பலன் என்றார்கள். மாமா மறுக்கவில்லை. அக்காவும் மறுக்கவில்லை, அவள் ஏரிக்கரைக்கு முன்பைவிட அதிகமாகவே போனாள். நான் விளக்க முற்பட்டபோது, “ஊசியும் வேணும்டா, அதுவும் இருக்கட்டும், உனக்கென்ன?” என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். மாமா மறுபடியும் ரத்தம் பார்த்துச் சீட்டுக் கொண்டுவரும்வரை அவருக்குப் படுக்கை புளி மண்டியில். மாமா முதலில் கார்த்திகை என்றார், பிறகு சபரிமலை விரதம் என்றார், பிறகு வெள்ளிக்கிழமையில் ரத்தம் சிந்தக் கூடாது என்றார். “மத்த ஆறு நாளு?” என்று அக்கா கேட்டாள். விரதமெல்லாம் முடிந்து, ஒரு லாரி லோடோடு போய் ஒருநாள் சீட்டோடு திரும்பினார். அதை அக்காவிடம் நேராகக் கொடுக்கவில்லை. பூசை அறையில் படத்தின் முன் வைத்து, கற்பூரம் காட்டி, அங்கிருந்து எடுத்துக்கொடுத்தார்.

இங்கிலீஷில் இருந்தது. அக்கா என்னிடம் நீட்டினாள். மாமாவின் பெயர், வயது, ஊர், ஆஸ்பத்திரி முத்திரை, டாக்டர் கையெழுத்து. நோய் இல்லை என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

“பாத்தியா?” என்றார் மாமா.

அக்கா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். சீட்டை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரிந்தவள்போல மேலும் கீழும் பார்த்தாள்.

“பேரு அவருதுதான். சரி” என்றாள் என்னிடம். “ரத்தமும் அவருதுதானா?”

மாமா சிரிக்கப் பார்த்தார். டிரைவர் அந்த லோடில் கூடப் போயிருந்தார் என்பது எனக்கு நினைவு வந்தது. மாமா பெயர் எழுதிய ஒரு சீட்டுக்காக வேறொருவர் கையை நீட்டுவது எவ்வளவு எளிது என்றும் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். பால்கோவா மாதிரி, ஒரு பள்ளமும் இல்லாமல், எதையும் காட்டிக்கொடுக்காத முகம்.

“சாமி முன்னால வெச்சு எடுத்துக் குடுத்திருக்கேன்” என்றார்.

“அதனாலதான் கேக்கறேன்” என்றாள் அக்கா.

மறுநாள் புதன்கிழமை. எந்த விரதமும் இல்லை. முதல் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். அவர் கையில் ஊசி இறங்குவதை நான் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.